பம்ப் நின்ற 35 நிமிடம்: அணுக்கழிவு ஆய்வுக்கூடம் ஒன்றில் ஒரு நிகழ்வு ஆய்வு

எதற்காக எழுதுகிறேன்

இது அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் வேதிப்பொறியியல் துறையில் நடந்தது. பணிக்காலத்தில் பெரும்பகுதியை அணுக்கழிவுச் சுத்திகரிப்பு ஆராய்ச்சிக்கே கொடுத்த ஒரு பேராசிரியரின் கூடம் அது. நான் அங்கே முனைவர் பட்ட மாணவன். நடந்த தவறில் பெரிய பங்கு என்னுடையது. இப்போது நானும் மாணவர்களை வைத்துக்கொண்டு வேலை செய்கிறேன். அவர்களில் ஒருவர் சென்ற ஆண்டு என்னிடம் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முயன்றபோதுதான், அந்தச் சில மாதங்களை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. யாருடைய பெயரும் இதில் இல்லை.

பின்னணி: கழிவு

வாஷிங்டன் மாநிலத்தில் கொலம்பியா ஆற்றங்கரையில் ஹான்ஃபோர்ட் இருக்கிறது. 1943-ல் அமெரிக்க அரசு அந்த நிலத்தை எடுத்துக்கொண்டு, அணுகுண்டுக்கான புளூட்டோனியம் தயாரிக்கும் வேலையைத் தொடங்கியது. நாகசாகி மீது விழுந்த குண்டுக்கான புளூட்டோனியம் அங்கிருந்துதான் போனது. உற்பத்தி 1980-களின் இறுதிவரை நடந்தது. மிஞ்சியது 177 நிலத்தடித் தொட்டிகள். அவற்றில் 149 ஒற்றைச் சுவர் கொண்டவை, 28 இரட்டைச் சுவர் கொண்டவை. உள்ளே இருந்தது சுமார் 5.6 கோடி காலன் கழிவு, ஏறத்தாழ 21 கோடி லிட்டர். ஒற்றைச் சுவர்த் தொட்டிகளில் பல கசிந்திருக்கின்றன. அதனால் அவற்றில் இருக்கும் திரவத்தை உறிஞ்சி, இரட்டைச் சுவர்த் தொட்டிகளுக்குக் குழாய் வழியாக அனுப்ப வேண்டும். எங்கள் கதை அந்தக் குழாயைப் பற்றியது.

கழிவின் வேதியியலைக் கொஞ்சம் சொல்லாமல் மேலே போக முடியாது. அணு உலையில் எரிந்த யுரேனியத்தை அமிலத்தில் கரைத்துத்தான் புளூட்டோனியத்தைப் பிரித்தார்கள். மிச்ச அமிலத்தை அப்படியே விட்டால் கார்பன் ஸ்டீல் தொட்டியை அரித்துவிடும் என்று காஸ்டிக் சோடாவைக் கொட்டினார்கள். அதனால் தொட்டிக்குள் இருப்பது கடும் காரம். அதில் சோடியத்தின் உப்புகள் ஏராளம்: நைட்ரேட், நைட்ரைட், அலுமினேட், அப்புறம் பாஸ்பேட்.

இந்தப் பாஸ்பேட் எங்கிருந்து வந்தது என்பதைப் பேராசிரியர் ஒவ்வொரு ஆண்டும் புது மாணவர்களுக்குச் சொல்வார். போர்க்காலத்தில் அங்கே முதன்முதலில் பயன்படுத்திய பிரிப்பு முறையின் பெயரே பிஸ்மத் பாஸ்பேட் முறை. அவசரத்தில், அன்றைக்குக் கையில் இருந்த வேதியியலை வைத்துச் செய்தார்கள். அந்தப் பாஸ்பேட் அரை நூற்றாண்டு கழித்து வேறு யாரோ இயக்கும் குழாயை அடைத்துக்கொண்டிருந்தது. அதைச் சொல்லும்போது அவர் குரலில் குற்றச்சாட்டு இருக்காது. நாம் இன்று செய்வதும் யாருடைய குழாயிலாவது போய் நிற்கும் என்று மட்டும் சொல்வார்.

அடைப்பது எப்படி? சோடியம் பாஸ்பேட் சூடான கரைசலில் நன்றாகக் கரையும். சூடு குறைந்தால் கரைதிறன் சட்டென்று விழுந்துவிடும். அப்போது ஊசி ஊசியாகப் படிகம் வரும். ஒவ்வொரு மூலக்கூறும் பன்னிரண்டு நீர் மூலக்கூறுகளைத் தன்னோடு பிடித்துக்கொள்கிறது. படிகத்தின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். ஆகவே கொஞ்சம் பாஸ்பேட் இருந்தாலே நிறைய நீர் கட்டுண்டு போய், ஓடிக்கொண்டிருந்த கரைசல் கூழாகிவிடும்.

பின்னணி: பேராசிரியரும் அவருடைய கூடமும்

அவர் அணுத்துறைக்காரர் அல்ல. நிலக்கரித் தூளை நீரில் கலந்து குழாயில் அனுப்புவதுதான் அவருடைய தொடக்ககால ஆய்வு. 1989-ல் ஹான்ஃபோர்டைச் சுத்தம் செய்வதற்கான முத்தரப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. அமெரிக்க எரிசக்தித் துறை சுத்திகரிப்புக்கெனத் தனிப் பிரிவு தொடங்கியதும் அதே ஆண்டில்தான். சேற்றையும் உப்பையும் குழாயில் தள்ளத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். அப்படித்தான் உள்ளே வந்தார், அப்புறம் வெளியே போகவில்லை.

கூடத்தில் அவருக்கென்று சில நடைமுறைகள் இருந்தன. சேரும் ஒவ்வொருவருக்கும் பக்க எண் அச்சிட்ட தைத்த நோட்டு ஒன்று. பால்பாயின்ட் பேனாவில் மட்டுமே எழுத வேண்டும். தவறாக எழுதினால் ஒரே ஒரு கோடு போட்டு அடிக்கலாம். அடித்தது கீழே படிக்கும்படி இருக்க வேண்டும், பக்கத்தில் காரணமும் தேதியும் கையெழுத்தும். வெள்ளிக்கிழமை பிற்பகல் ஒரு மணி நேரக் கூட்டம். அதில் அந்த வாரம் எது சரியாக வரவில்லை என்பதை மட்டும்தான் பேச வேண்டும். சரியாக வந்ததைச் சொல்லத் தொடங்கினால் கையை உயர்த்தி நிறுத்திவிடுவார்.

இளங்கலை மாணவர்களை அவர் கண்ணாடிக் குடுவை கழுவ வைக்கவில்லை. முதல் மாதத்திலேயே பம்பைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொடுப்பார். ஆண்டுக்கு ஒருமுறை அவர்களை ஹான்ஃபோர்டுக்கு அழைத்துப் போவார். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. வேலிக்குள்ளே சரளைக்கல் பரப்பிய தரை, அங்கங்கே தலைநீட்டும் குழாய் மூடிகள், அவ்வளவுதான். தொட்டிகள் மண்ணுக்கு அடியில். மாணவர்களின் முகம் விழுந்துவிடும். அந்தச் சரளையின் மேல் நின்றுகொண்டு, காலுக்குக் கீழே எத்தனை லட்சம் காலன், அது எந்த ஆண்டில் வந்தது, இப்போது எப்படிப் படிந்து கிடக்கிறது என்று தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே போவார். நான் போன முறை, திரும்பி வரும் வண்டியில் யாரும் பேசவில்லை.

ஆய்வுத் திட்டம்

எந்தச் சூட்டில், எந்த வேகத்தில் குழாய் அடைக்கும் என்று கண்டுபிடிப்பது எங்கள் வேலை. கதிரியக்கக் கழிவைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவர முடியாது. அதே உப்புகளைக் கலந்து கதிரியக்கம் இல்லாத மாதிரிக் கரைசல் செய்துகொண்டோம். களத்தில் கழிவு போகும் குழாய் பெரும்பாலும் 3 அங்குல விட்டம், வெளியே இன்னொரு குழாய் உறையாக இருக்கும். எங்களிடம் இருந்தது 1 அங்குலக் குழாயில் ஒரு வளையம். கரைசலைச் சூடாக ஓடவிட்டு, ஒரு பகுதியை மட்டும் மெல்ல மெல்லக் குளிரவைத்து, அழுத்தம் எங்கே ஏறுகிறது என்று பார்த்தோம்.

சோதனைத் திட்டத்தில் "தொடர் ஓட்டம்" என்று எழுதியிருந்தது. பம்ப் இடையில் நின்றால் அந்தச் சோதனை செல்லாது, மறுபடி செய்ய வேண்டும். எழுதியது நான். பேராசிரியர் கையெழுத்துப் போட்டார்.

என் ஆய்வேட்டின் மையமே இதிலிருந்து வரப்போகும் ஒரு வரைபடம்தான். கிடைமட்டத்தில் வெப்பநிலை, செங்குத்தில் வேகம், நடுவே ஒரு கோடு. கோட்டுக்கு மேலே இருந்தால் குழாய் ஓடும், கீழே போனால் அடைக்கும்.

என்ன கவனிக்கப்பட்டது

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவுகளை எழுதுவதற்கு மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் இருந்தார். வகுப்பு போக மிச்ச நேரத்தில் வருவார். முகக் கவசமும் நீள ரப்பர் கையுறையும் மாட்டிக்கொண்டு வளையத்தின் அருகிலேயே நிற்பார். கரைசல் தோலில் பட்டால் புண்ணாகும், அதனால் யாருக்கும் அங்கே நிற்பதில் விருப்பமில்லை.

ஒன்பதாவது சோதனையில் ஓர் இணைப்பில் கசிவு. பம்பை நிறுத்தி கேஸ்கெட் மாற்ற 35 நிமிடம் ஆனது. திரும்பப் போட்டபோது கரைசல் நகரவில்லை. வெந்நீர் விட்டு அடைப்பை எடுக்க மறுநாள் காலை முழுதும் போனது. பதினான்காவது சோதனையில் மின்சாரம் போய் 20 நிமிடம் பம்ப் நின்றது, மறுபடி அடைத்துக்கொண்டது. பதினேழாவதில் பத்து நிமிட நிறுத்தம். இம்முறை ஓடியது, ஆனால் அழுத்தம் பழைய நிலைக்கு இறங்க வெகுநேரம் பிடித்தது.

மாணவி நோட்டின் ஓரத்தில் எழுதியிருந்தார்: "மூன்று தடவையும் வெப்பநிலை கோட்டுக்கு மேலேதான் இருந்தது. ஓடும்போது அடைக்காத சூட்டில், நின்றால் அடைக்கிறது. ஏன்?"

என் முடிவும் அதன் காரணமும்

அந்தக் கேள்வியை அவர் என்னிடம் நேரிலும் கேட்டார். நம்முடையது தொடர் ஓட்ட ஆய்வு, நின்றதெல்லாம் தடங்கல் கணக்கு, கோடு போட்டு அடித்துவிடுங்கள் என்று சொன்னேன். அவர் அடித்தார். விதிப்படி ஒரே கோடு, பக்கத்தில் "தடங்கல்" என்ற காரணம், தேதி. கையெழுத்து மட்டும் என்னுடையது.

எனக்கு ஏமாற்றும் எண்ணம் இல்லை. திட்டத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது, அறிக்கை கொடுக்க ஆறு வாரம் இருந்தது, மற்ற சோதனைகள் எல்லாம் அழகாக ஒரே கோட்டில் வந்து விழுந்தன. அந்த அழகுதான் என் கண்ணைக் கட்டியது என்று இப்போது நினைக்கிறேன். ஒழுங்காக வந்த புள்ளிகளைப் பார்த்த திருப்தியில், வராத மூன்றும் என் ஆய்வைச் சேர்ந்தவையே அல்ல என்று முடிவுகட்டிவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இளங்கலை மாணவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், பேசுவதில்லை. அவர்கள் வேலையை அவர்களுக்கு மேலே இருக்கும் முனைவர் பட்ட மாணவர் சொல்வார். அப்படி ஒரு பழக்கம் தானாக வந்துவிட்டது. ஆகவே அந்த மாணவியின் கேள்வி கூட்டத்துக்குப் போக என் வாய் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். நான் சொன்னது "கேஸ்கெட் ஒருமுறை கசிந்தது" என்ற ஒரு வாக்கியம்.

எப்படி வெளியே வந்தது

எந்த அறிக்கையும் கூடத்தைவிட்டுப் போகும் முன் பேராசிரியர் மூல நோட்டுகளை எடுத்துக்கொண்டு உட்காருவார். வரைபடம் பக்கத்தில் இருக்காது. பக்கங்களைப் புரட்டி, அடித்த வரிகளைத்தான் முதலில் படிப்பார். மூன்று அடித்தல், மூன்றிலும் ஒரே காரணம், ஓரத்தில் ஒரு கேள்வி. அவர் என்னைக் கூப்பிடவில்லை. அந்த மாணவியை அழைத்துக்கொண்டு வளையத்தின் அருகே போனார், என்ன நடந்தது என்று நடந்த இடத்திலேயே நின்று சொல்லச் சொன்னார்.

மறுநாள் மூவரும் சேர்ந்து வேண்டுமென்றே செய்து பார்த்தோம். என் கோட்டுக்கு நன்றாக மேலே, "பாதுகாப்பு" என்று நான் குறித்திருந்த இடத்தில் கரைசலை நிலைநிறுத்தி, பம்பை நிறுத்திவிட்டு 35 நிமிடம் காத்திருந்தோம். பிறகு போட்டோம். பம்பின் சத்தம் கனத்தது. அழுத்தமானியின் முள் மேலே ஏறி அங்கேயே நின்றுவிட்டது. ஓட்டமானியில் பூஜ்யம்.

குளிர்ந்த பகுதியைக் கழற்றி மேஜைமேல் வைத்தோம். குழாய் முழுதும் வெள்ளையாக அடைத்திருந்தது, பார்க்கக் கல் மாதிரி. பேராசிரியர் ஒரு கண்ணாடிக் குச்சியால் அழுத்தினார். குச்சி உள்ளே இறங்கியது, அதைச் சுற்றித் தெளிந்த நீர் கசிந்து மேலே வந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஊசிகள், ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்து, இடைவெளிகளில் நீரைப் பிடித்துவைத்திருந்தன.

அப்போது காரணம் விளங்கியது. ஓடும்போதும் படிகம் வருகிறது. ஆனால் ஓட்டம் ஊசிகளைப் பின்னிக்கொள்ள விடாமல் கலைத்துக்கொண்டே இருக்கிறது. நின்றால் அவை கைகோத்து ஒரு வலையாகிவிடும். குறிப்பிட்ட அளவு விசை கொடுத்தால்தான் வலை அறும். அந்த விசை எங்கள் பம்புக்கு இல்லை. நான் தடங்கல் என்று ஒதுக்கியதில்தான் குழாய் அடைக்கும் கதை முழுதும் இருந்தது.

பேராசிரியரின் முடிவுகள்

அறிக்கையை நிறுத்திவைத்தார். பணம் கொடுத்த தரப்புக்கு அன்று மாலையே போன் போட்டு, தாமதமாகும், எங்கள் முடிவில் ஓட்டை இருக்கிறது என்று நேராகச் சொன்னார். அவர் சொன்ன காரணம் எனக்கு இன்னும் மனதில் இருக்கிறது. இந்தக் கோட்டை நம்பி யாரோ ஒருவர் களத்தில் பம்பை நிறுத்துவார். களத்தில் பம்ப் நிற்காமல் இருக்காது. வால்வு கோளாறு, கசிவு எச்சரிக்கை, ஆள் மாறும் நேரம், எதுவாகவும் இருக்கலாம். நம் கூடத்தில் அடைத்தால் குழாயைக் கழற்றி மேஜைமேல் வைத்துப் பார்க்கலாம். மண்ணுக்கடியில் சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் ஓடும் குழாயை அப்படிக் கழற்ற முடியாது. அருகே போகும் ஒவ்வொருவரும் கதிர்வீச்சு வாங்க வேண்டும். அடைத்துப்போய் அப்படியே கைவிடப்பட்ட குழாய்கள் ஹான்ஃபோர்டில் ஏற்கனவே இருந்தன.

நின்ற நேரத்தையும் ஓர் அளவாக வைத்துப் புதிய சோதனை வரிசை தொடங்கினோம். திட்டத்தை அந்த மாணவி எழுத வேண்டும், நான் உதவ வேண்டும். முடிவுகளைப் பணம் கொடுத்த தரப்பின் பொறியாளர்கள் முன் சொல்லப்போவதும் அவர்தான். எனக்குத் தண்டனை எதுவும் இல்லை. ஆனால் திருத்திய அறிக்கையின் முதல் பக்கத்தை நான் எழுத வேண்டியிருந்தது: முதலில் எந்தச் சோதனைகளை விலக்கினோம், ஏன் விலக்கினோம், அது ஏன் தவறு. நான்கு முறை திருப்பி அனுப்பினார். "விலக்கப்பட்டன" என்று எழுதியதை "விலக்கினேன்" என்று மாற்றிய பிறகுதான் விட்டார்.

இன்னொரு முடிவை அப்போது நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. களத்தில் இத்தனை நிமிடம் நிறுத்தலாம் என்று ஓர் எண்ணைக் கொடுக்க எனக்கும் மாணவிக்கும் ஆசை. அவர் மறுத்துவிட்டார். 1 அங்குலக் குழாய் சீக்கிரம் குளிரும், 3 அங்குலக் குழாய் மெதுவாகக் குளிரும். எங்கள் நிமிடங்களைக் களத்துக்குக் கொண்டுபோனால் அது இன்னொரு அழகான கோடாகிவிடும் என்றார். நின்ற நேரம் முக்கியம், அதை அளக்காமல் எந்த வரம்பையும் நம்ப வேண்டாம் என்பதோடு அறிக்கை நின்றது.

பின்விளைவு

அறிக்கை மூன்று மாதம் தாமதமாகப் போனது. வந்திருந்த பொறியாளர்களில் மூத்தவர், களத்தில் இப்போதே குழாயை வெந்நீரால் முன்கூட்டிச் சூடாக்குகிறார்கள், கழிவை நீர்த்துப்போகச் செய்கிறார்கள், வேலை முடிந்ததும் குழாயை அலசிவிடுகிறார்கள், பிறகு இதில் புதிதாக என்ன என்று கேட்டார். அலசுவதற்கு முன்பே, நடுவழியில் நின்றால் என்ன ஆகும் என்பதுதான் எங்கள் கேள்வி என்று மாணவி பதில் சொன்னார். அதன்பிறகு அந்த மனிதர் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார், எல்லாம் அவரைப் பார்த்தே. இருந்தும் அடுத்த ஆண்டு எங்களுக்கு வந்த தொகை குறைந்தது. தாமதம்தான் காரணம் என்று யாரும் எழுதித் தரவில்லை.

என் ஆய்வேடு இரண்டு பருவம் தள்ளிப்போனது. உதவித்தொகை நின்று, பாடம் நடத்தும் உதவியாளர் வேலையில் ஓட்டினேன். வருத்தமாக இருந்தது, கோபமும் இருந்தது. அந்தக் கோபம் போய்ச் சேர்ந்த இடம் அந்த மாணவி. நான் மட்டுமல்ல, கூடத்தில் இன்னும் இரண்டு பேர் அவரோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். அடுத்த பருவத்துக்கு வரவேண்டாம் என்று அவர் முடிவு செய்திருந்தார். பேராசிரியர் இதைக் கவனிக்கவே இல்லை. கவனித்தவர் கூடத்தின் தொழில்நுட்ப உதவியாளர். ஒருநாள் என்னைத் தனியே நிறுத்தி, அந்தப் பெண் செய்தது உன் வேலையை, அதற்குத்தான் அவளைத் தள்ளிவைக்கிறாயா என்று கேட்டார். மறுநாள் மாணவியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக்கவில்லை, கூடத்தில் தொடர்ந்தார். இன்று தொட்டிகளிலிருந்து கழிவை வெளியே எடுக்கும் குழு ஒன்றில் பொறியாளராக இருக்கிறார்.

பேராசிரியர் ஓய்வு பெற்றபோது ஹான்ஃபோர்டில் கழிவைக் கண்ணாடியோடு உருக்கிக் கட்டியாக்கும் ஆலை இயங்கத் தொடங்கியிருக்கவில்லை. 2002-ல் கட்ட ஆரம்பித்த அந்த ஆலையில் தொட்டிக் கழிவு முதன்முதலாகக் கண்ணாடியாகத் தொடங்கியது 2025 அக்டோபரில். இத்தனைக்கும் தெற்கு கரோலினாவின் சவானா ரிவரில் அந்த வேலை 1996-லிருந்து நடக்கிறது. அவர் தன் வேலைக்காலத்துக்குள் ஹான்ஃபோர்டில் ஒரு தொட்டி முழுதாகக் கண்ணாடியாவதைப் பார்ப்போம் என்று எதிர்பார்த்துப் பேசியதே இல்லை. அறிக்கைகளின் எண்ணிக்கையைவிட, படித்துப் போன மாணவர்கள் எந்தத் தொட்டியில், எந்தக் குழாயில் வேலை செய்கிறார்கள் என்பதைத்தான் விரல்விட்டுச் சொல்வார்.

இன்று செய்தால் எதை மாற்றுவோம்

என் கூடத்தில் அளவுகளை எழுதுகிறவரே கூட்டத்தில் பேசுகிறார். மூத்தவர் மொழிபெயர்ப்பதில்லை. அளவு அட்டவணையில் "நின்ற நேரம்" என்று ஒரு பத்தி எப்போதும் இருக்கும், சோதனை எதைப் பற்றியதாக இருந்தாலும். ஒரு வரியை அடிக்க இரண்டு கையெழுத்து வேண்டும், ஒன்று அதை எழுதியவருடையது.

பேராசிரியர் செய்ததிலும் ஒன்றை மாற்றுவேன். உண்மையை அறிக்கைக்குள் கொண்டுவருவதில் அவர் எடுத்துக்கொண்ட அக்கறையில் பாதியையாவது, அதன்பிறகு அந்த மாணவியும் நானும் ஒரே அறையில் எப்படி இருக்கப்போகிறோம் என்பதில் எடுத்திருக்க வேண்டும். என் உதவித்தொகை நிற்கும் என்பது அவருக்கு முன்பே தெரியும். அதை முதலிலேயே உட்கார்ந்து பேசியிருந்தால் என் கோபம் அந்த அளவுக்கு வளர்ந்திருக்காது. சில ஆண்டுகள் கழித்து இதை அவரிடமே சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சரி, அது என் தவறுதான் என்றார்.

சென்ற ஆண்டு என் மாணவர் கேட்ட கேள்வி: 3 அங்குலக் குழாயில் அந்த நிறுத்தச் சோதனையைச் செய்தீர்களா? நாங்கள் செய்யவில்லை. திட்டம் எழுதினோம், குழாய்கூட வாங்கினோம். அந்த ஆண்டுதான் தொகை குறைந்தது.